முப்பத்தேழு டிகிரிக்கு ஒரு நூல்கண்டு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இணையக் குழுக்களின் எழுத்துச் சவாலும் கைவினைச் சவாலும் நம்மை வளர்க்கின்றன என்பது எங்கள் அணியின் கட்சி.

எதிரணித் தோழர் சற்றுமுன் ஒரு வார்த்தை சொன்னார். "நாளுக்கு ஒரு கவிதை, நாளுக்கு ஒரு வரிசைப் பின்னல் என்று குழுவில் பதிவிடுகிறவர் கலைஞரா? அது வெறும் வருகைப் பதிவேடு!" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். 2014 முதல் சிங்கப்பூரில் ஏப்ரல்தோறும் ஃபேஸ்புக்கில் கூடி நாளொரு கவிதை எழுதுகிறார்களே, முப்பதில் ஐந்து தேறினாலும் அந்த ஐந்தும் சவால் இல்லாமல் பிறந்திருக்குமா என்று கேட்கத்தான் வந்தேன். வருகைப் பதிவேடு என்று சொன்ன பிறகு, என் அம்மாவைப் பற்றித்தான் பேச வேண்டும்.

2023 ஜனவரியில் அம்மா ஒரு குரோஷே, அதாவது கொக்கி ஊசிப் பின்னல், குழுவின் சவாலில் சேர்ந்தார். வெப்பநிலைப் போர்வை. அன்றாட உச்ச வெப்பநிலைக்கு ஒரு நிறம், நாளுக்கு ஒரு வரிசை, ஆண்டு முடிவில் 365 வரிசை. கனடாவில் ஒரு பெண்மணி உறைபனி வெள்ளையில் தொடங்கி வானவில்லையே பின்னிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் நாங்கள் இருக்கும் அங் மோ கியோவில் என்ன செய்வது? 31 பச்சை, 32 மஞ்சள், 33 ஆரஞ்சு. மழை கொட்டினால் நீலம். மறுபடி மஞ்சள், மறுபடி ஆரஞ்சு!

ஆனாலும் அம்மா நிற அட்டவணை போட்டபோது சிங்கப்பூரின் உச்சம் எது என்று என்னைத் தேடச் சொன்னார். 1983 ஏப்ரலில் 37 டிகிரி. அதற்கும் ஒரு நூல்கண்டு வாங்கினார், கருஞ்சிவப்பு. "நாற்பது வருடமாக வராதது வரவா போகிறது?" என்றேன். "வந்தால் நூல் வேண்டுமே" என்றார்.

மே 13, சனிக்கிழமை. வானிலை ஆய்வகம் அறிவித்தது: 37 டிகிரி. எங்கே? நீ சூன் இல்லை, சாங்கி இல்லை. அங் மோ கியோவில்! எங்கள் பேட்டையில்! நாற்பது ஆண்டுக்குப் பின் அதே உச்சம். அம்மா அலமாரியைத் திறந்து அந்தக் கண்டை எடுத்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மின்விசிறி முழு வேகத்தில் சுழல, நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்துத் துடைத்து, ஒரே மூச்சில் அந்தச் சிவப்பு வரிசையை முடித்தார். அன்றிரவு கனடாப் பெண்மணி கேட்டார்: "அந்த நிறத்தை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தீர்களா?" தோழரே, பதிவேட்டில் டிக் அடிப்பவர் வராத நாளுக்கு நூல் வாங்கி வைப்பாரா?

அக்டோபரில் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தோம். அவர் வீடு திரும்பவில்லை. ஊசி கூடையிலேயே கிடந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு, நான்தான் அம்மாவின் கைப்பேசியில் அந்தக் குழுவைத் திறந்தேன். அம்மா பின்னாமல் விட்ட ஒவ்வொரு நாளுக்கும் அங் மோ கியோவின் வெப்பநிலையை அந்தக் கனடாப் பெண்மணி குறித்து வைத்திருந்தார். ஒரு நாள்கூட விடவில்லை.

அம்மா எண்களை மெல்லப் படித்துக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது. "உன் அப்பா போன நாள்" என்றார். 33. ஆரஞ்சு. "ஊசியை எடு" என்றார்.

அந்தப் போர்வையைக் கொண்டுவந்திருக்கிறேன். நூற்றுக்கும் மேல் ஆரஞ்சு வரிசைகள். ஒன்றில் மட்டும் கண்ணிகள் இறுகிக் கிடக்கும், பார்த்தால் தெரியாது. எதிரணித் தோழரே, மேடைக்கு வந்து தொட்டுப் பாருங்கள்.