அப்பா கண்ணை மூடிய படம்

(பாம்பனில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: நினைவுகளை நெருக்கமாக வைத்திருப்பது பிலிம் படமா, கைப்பேசிப் படமா? "பிலிம் படமே" என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், இந்த வாடைக்காற்றிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பாம்பன் மக்களுக்கும் வணக்கம். வணக்கத்தை இதோடு முடித்துக்கொள்கிறேன். எதிரணித் தம்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது.

என்ன சொன்னார்? "ரோல் வாங்கி, 36 படம் எடுத்து, கழுவக் கொடுத்து, பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். காசு கொடுத்துக் கண்மூடிப் படம் எடுத்த கூட்டம் ஐயா இது!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். தட்டுங்கள், நல்ல வார்த்தைதான். ஆனால் தம்பி, எங்கள் வீட்டில் ஒரு கண்மூடிப் படம் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள்.

1979, பொங்கல். எனக்கு ஒன்பது வயது. மண்டபம் ஊரிலிருந்து மாமா வந்து இறங்கினார். கழுத்தில் ஒரு அக்ஃபா கிளிக் 3 கேமரா தொங்குகிறது. சிநேகிதரிடம் வாங்கிய இரவல். மறுநாள் காலைப் பாசஞ்சரில் போய்த் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். உள்ளே இருந்தது நம்ம ஊட்டி ஆலையில் செய்த 'இந்து' பிலிம். ஒரு ரோலுக்கு 12 படம், பதின்மூன்றாவது கிடையாது. எங்கள் வீட்டிலோ அன்றைக்கு 17 பேர், ஒரு ஆடு.

உடனே பஞ்சாயத்து கூடிவிட்டது. யார் யாருக்கு எத்தனை படம்? எங்கள் அப்பத்தா, "படம் எடுத்தா ஆயுசு குறையும், எனக்கு வேணாம்" என்று உள்ளே போனார். சரி, ஒரு ஆள் மிச்சம் என்று எல்லோரும் மூச்சு விட்டோம். பத்து நிமிஷம். அப்பத்தா பொங்கலுக்கு எடுத்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எடுத்து முடித்ததும், "எனக்கென்னவோ அசைஞ்ச மாதிரி இருக்கு, இன்னொண்ணு எடுத்துரு" என்றார். ரெண்டு படம் போச்சு.

அந்தக் கேமராவின் முதுகில் சின்னதாக ஒரு சிவப்புக் கண்ணாடி. திருகைச் சுற்றினால் அடுத்த படத்தின் எண் அதில் வந்து நிற்கும். ஒவ்வொரு தடவையும் மாமா அதைப் பார்த்து அறிவிப்பார்: "மூணு போச்சு!" பிள்ளைகள் நாங்கள் திருப்பிக் கத்துவோம்: "மூணு போச்சு!" தம்பிக்காரன் ஆட்டைக் கட்டிப்பிடித்து நின்றான். ஆடு திரும்பிக்கொண்டது. "நாலு போச்சு!" அத்தையும் அவர் வீட்டுக்காரரும் கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒன்றாக நின்றார்கள், நடுவில் ஒரு ஆள் நிற்கலாம் போல இடைவெளி விட்டு. "அஞ்சு போச்சு!" அதற்குள் தெருவே எங்கள் வாசலில் நின்று எண்ணத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் அப்பா வருகிறார். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு, தோளில் ஈர வலையோடு. "என்னை எதுக்குடா, மீனை எடு" என்கிறார். விடுவோமா? கையைப் பிடித்து இழுத்து, அம்மாவை ஒரு பக்கம் நிறுத்தி, நடுவில் நான். படம் எடுப்பவர் முதுகில் வெயில் இருக்க வேண்டும் என்பது அன்றைக்குக் கேமரா பிடித்தவர்களின் பாலபாடம். மாமா முதுகில் வெயில் என்றால் அப்பா முகத்தில் வெயில். தூங்காத கண். டிக் என்று ஒரு சத்தம். "ஏழு போச்சு!"

மூன்று வாரம் கழித்து ராமநாதபுரத்திலிருந்து படம் வந்தது. ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. பதினொன்று பழுதில்லை. ஏழாவதில் அப்பா கண் மூடி நிற்கிறார். பெரியப்பா சொன்னார், நின்றுகொண்டே தூங்கிவிட்டானென்று. அத்தை சொன்னார், பெண்டாட்டி பக்கத்தில் நின்றதும் வெட்கம் வந்துவிட்டதென்று. அடுத்த பொங்கலுக்கும் அந்தப் படம் கைமாறிச் சுற்றியது, அதே சிரிப்பு. அதற்கடுத்த பொங்கலில் கதை இன்னும் வளர்ந்தது, அப்பா குறட்டை விட்டதாகக்கூடச் சேர்த்துவிட்டார்கள். அப்பாவும் சிரிப்பார்.

எதிரணித் தம்பியும் இந்த இடத்தில் சிரித்தார், பார்த்தேன். சிரிக்க வேண்டிய இடம்தான்.

1991இல் அப்பா தவறிவிட்டார். அவருக்கென்று தேடினால் வேறு படமே இல்லை. அந்த ஏழாவது ஒன்றுதான்.

பெரிதுபடுத்தி மாட்டலாம் என்று ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனோம். ஸ்டூடியோக்காரர் பார்த்துவிட்டு, "கண்ணு மூடியிருக்கே. டச்சிங் பண்ணித் திறந்து விட்ரலாம்" என்றார். அந்த நாளில் அது வழக்கம். மெல்லிய பிரஷ்ஷால் கண்ணை வரைந்துவிடுவார்கள். எனக்குச் சரி என்றுதான் பட்டது. அம்மா வேண்டாம் என்றார். "வலைக்குப் போயிட்டு வந்து திண்ணையில படுத்தா இப்பிடித்தான் இருப்பாரு. இந்த மூஞ்சி எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

இப்போது சொல்லுங்கள் தம்பி. கைப்பேசியில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எடுத்த நொடியே பார்த்து, "ஐயோ, கண்ணை மூடிட்டாரு, அழிச்சிட்டு இன்னொண்ணு எடு" என்றிருப்போம். கண் திறந்த படம் நாற்பது கிடைத்திருக்கும். அம்மா கேட்ட முகம் அதில் இருந்திருக்காது. பிலிமில் அழிக்க வழி இல்லை. அன்றைக்கு அப்பாவின் நெற்றியில் விழுந்து தெறித்த அதே வெளிச்சம்தான் கேமராவுக்குள் போய் அந்த பிலிமில் பட்டது. பட்ட இடமெல்லாம் வெள்ளித் துகளாகத் தங்கியிருக்கிறது. அந்த நெகட்டிவைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அவரைத் தொட்ட ஒன்றைத் தொடுகிறேன் என்றுதான் எனக்குத் தோன்றும்.

"உப்புக் காத்துல ஆல்பமெல்லாம் பிசுபிசுத்துப் போச்சே" என்றும் தம்பி கேட்டார். உண்மை. லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நம் ஆட்கள் படத்தை ஒரே வீட்டில் வைப்பதில்லை, நாலு பிரதி போட்டு நாலு ஊருக்கு அனுப்பினார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது. பாம்பனிலிருந்து போன ரயிலையே கொண்டுபோன அலை, பெட்டியையும் ஆல்பத்தையுமா விடும்? உடுத்திய துணியோடு வந்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். அவர்களிடம் இன்றைக்கு இருக்கும் ஒரே தனுஷ்கோடிப் படம், புயலுக்கு முன்னால் உறவுக்காரருக்குத் தபாலில் அனுப்பிய கல்யாணப் படம். கொடுத்தது மட்டும்தான் மிஞ்சியது.

இன்று மதியம் இதே மண்டபத்தில் மேசை போட்டு, பழைய படங்களில் உயிரை வைத்திருக்கிறவர்கள் கொண்டுவந்து பரப்பினார்களே, பார்த்தீர்களா? கீழக்கரையிலிருந்து ஒரு நிக்காஹ் ஆல்பம், தொண்டியிலிருந்து பாய்மரப் படகுகள். என்ன கேமரா, என்ன லென்ஸ் என்று தொடங்கிய பேச்சு கொஞ்ச நேரத்தில், "இது எந்தக் கரை, இது யாரு மகன்" என்று மாறிவிட்டது. மதுரையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் ஒரு கருப்பு வெள்ளைப் படம் வைத்திருந்தார். ராமேஸ்வரத்துக்குக் கும்பிட வந்தபோது எடுத்ததாம். நம்ம பாம்பன் தெற்குவாடிக் கரை, பின்னால் சாலைப் பாலத்தின் தூண்கள் மட்டும் நிற்கின்றன, மேலே தளம் இல்லை. பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2. அப்படியென்றால் அதற்கு முந்தைய படம். ஓரத்தில் ஒரு வள்ளம், பக்கத்தில் முதுகு காட்டி ஒருவர்.

எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. ஓடிப்போய் அம்மாவை அழைத்து வந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இது அவரு இல்ல" என்றார். அப்புறம் விரலை வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் வைத்தார். அங்கே ஒரு பலகை மட்டும் நிறம் மாறியிருக்கிறது. "இது நம்ம பழைய வீட்டுக் கதவுப் பலகை. உங்கப்பாதான் அடிச்சாரு. வள்ளம் நம்மளது. அப்ப அவரு பக்கத்துலதான் எங்கயோ நிப்பாரு" என்றார். அந்தப் பெரியவரைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, இதுக்கு அடுத்த படம் இருக்கா?"

இருக்கிறதாம். நெகட்டிவ் முழுவதும் மதுரை வீட்டில் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறதாம், ஆறு ஆறாக வெட்டி. ஓரத்தில் எண் அச்சாகியிருக்கும். இது 21. அந்தத் துண்டிலேயே 22, 23, 24 இருக்க வேண்டும். அவர் மகளுக்குப் போன் போட்டு, தேடி எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பதில் கைப்பேசியில்தான் வரும், எதிரணி அதைத் தங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

அதோ, மூன்றாவது வரிசை. அம்மா தன் இடத்தை விட்டு எழுந்து போய் அந்தப் பெரியவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மகள் இன்னும் டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறாள் போல. நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள், இறங்குகிறேன். நானும் அங்கேதான் போய் உட்காரப் போகிறேன். வணக்கம்.