ஆறு அங்குல விளிம்பு: சென்னை நடைபாதைகள் யாருக்காக?

[திரையில்: நடைபாதையின் விளிம்புக் கல்லில் முட்டி நிற்கும் சக்கர நாற்காலியின் முன்சக்கரம்.]

வணக்கம். நடைபாதையின் விளிம்புக் கல் 150 மில்லிமீட்டருக்கு, அதாவது சுமார் ஆறு அங்குலத்திற்கு மேல் உயரக் கூடாது என்று, நாட்டின் சாலைகளுக்கான தர நெறிகளை வகுக்கும் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸின் வழிகாட்டி கூறுகிறது. நடப்பவர் கவனிக்காமலேயே ஏறிவிடும் இந்த உயரத்தில், சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் முட்டி நின்றுவிடும். அதற்குத்தான் சாய்தளம் வேண்டும் என்கிறோம். ஒரு பங்கு உயரத்திற்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்பது அதன் விதி. அப்படியானால் 150 மில்லிமீட்டர் ஏறுவதற்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு தேவைப்படும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. நடப்பதற்கென்று விட வேண்டிய குறைந்தபட்ச அகலமும் அதே 1.8 மீட்டர்தான். ஆகவே, நடைபாதையின் குறுக்கே சாய்தளம் வெட்டினால், நடக்க விட்ட இடம் முழுவதுமே சரிவாகிவிடும். நம் தெருக்களில் ஒவ்வொரு கடைக்காரரும் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தம் வண்டி ஏறுவதற்காகச் செய்து வைத்திருப்பது இதைத்தான். பத்தடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் பாதையில் முழங்கால் வலிக்காரர் எத்தனை தூரம் நடப்பார்? முறையான வடிவமைப்பில் நடைபாதை ஒரே மட்டத்தில் ஓடும்; ஏறி இறங்க வேண்டியது வாகனம். சாலையைக் கடக்கும் இடத்திலும் சாலைத் தளத்தையே நடைபாதை மட்டத்திற்கு உயர்த்திவிட்டால், குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டு வருபவருக்கும் தடையில்லை, வாகனங்களும் தாமாகவே வேகம் குறைக்கும்.

[திரையில்: தியாகராய சாலை, மாலை நேரம்.]

இந்தச் சிந்தனைக்குச் சென்னையில் கண்ணெதிரே இருக்கும் சான்று, சீர்மிகு நகரத் திட்டத்தின் கீழ் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம். அகலமான சமதளமும் உட்கார இருக்கைகளும் வந்த பிறகு, கடைக்குப் போகவென்று மட்டும் வந்த தெருவில் மக்கள் சும்மா உட்கார்ந்திருக்கவும் வருகிறார்கள். இதற்கு முன்பே, 2014இல், மாநகராட்சி ஏற்றுக்கொண்ட கொள்கை, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் செலவிட வேண்டும் என்றது. காகிதத்தில் அது இந்தியாவிலேயே முன்னோடியான கொள்கை. தெருவில் அதன் தடத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நடைபாதை அகலமானதும் இருசக்கர வாகனங்கள் ஏறிக்கொள்ளும் என்பதால் தடுப்புத் தூண்களை நடுகிறார்கள். சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டர் இடைவெளியாவது வேண்டும். அதில் பைக்கும் தாராளமாக நுழையும். பைக்கைத் தடுக்க இடைவெளியைக் குறைத்தால் சக்கர நாற்காலியும் வெளியே நின்றுவிடும். இரும்பால் தீராத இந்தச் சிக்கல் அபராதத்தால்தான் தீரும் என்பது என் கருத்து. அதிகாரிகளுக்கோ தூண் நடுவதுதான் எளிதாக இருக்கிறது.

நடைபாதை வியாபாரிகளை அப்புறப்படுத்துவதையே சீரமைப்பு என்று நினைப்பது இன்னொரு பழக்கம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இதற்கு நேர் எதிரானது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. தெருவோர விற்பனையைக் கவனிக்க இந்தச் சட்டப்படி அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்திற்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். இரவு ஒன்பது மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து தனியாக நடந்து வரும் பெண்ணுக்கு, திறந்திருக்கும் ஒரு பூக்கடையின் விளக்கு பெரிய துணை. நடக்கும் பட்டையை மறிக்காமல், மரங்களும் மின்கம்பங்களும் நிற்கும் ஓரப் பட்டையிலேயே அந்தக் கடைக்கு இடம் குறித்துவிடலாம். அதே பட்டையில் மரத்தடிகளைச் சிமென்டால் மூடாமல் மண்ணாக விட்டால், மழைநீரில் ஒரு பங்காவது வடிகாலுக்குப் போகாமல் அங்கேயே இறங்கும்.

[திரையில்: மெரினா, மணலில் நீளும் மரப்பாதை.]

இனி, கட்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதைப் பார்ப்போம். மாற்றுத்திறனாளிகள் அலைக்கு அருகில் செல்வதற்காக மெரினாவில் 263 மீட்டர் நீளத்திற்கு அமைக்கப்பட்ட நிரந்தர மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. இரண்டு வாரத்திற்குள் மாண்டஸ் புயலின் அலைகள் அதன் முனையைச் சிதைத்தன. பின்னர் சீரமைத்தார்கள். புயல் வரும் கடற்கரையில் மரப்பாதை சேதமடைவது வியப்பல்ல; ஆனால் பழுது பார்ப்பதற்கான செலவு முதல் நாளே திட்டத்தில் சேர்ந்திருந்தால்தான் அது நிரந்தரப் பாதை. ஒரு பலகை பெயர்ந்து கிடந்தாலும் சக்கர நாற்காலிக்கு மீதிப் பாதை பயன்படாது.

அணுகல்தன்மை, அதாவது மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்தும்படி இடங்களை அமைப்பது, குறித்த வழிகாட்டிகள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. விதி கட்டாயமானாலும் அது பல கைகளைக் கடந்துதான் தெருவுக்கு வர வேண்டும். சென்னையில் இப்போது ஓடும் தாழ்தளப் பேருந்துகளையே எடுத்துக்கொள்வோம். அவற்றின் சாய்பலகை நடைபாதை விளிம்பில் படிந்தால்தான் சரிவு குறைவாக இருக்கும். நிறுத்தத்தில் ஆட்டோவும் பைக்கும் நின்று, ஓட்டுநர் நடுச்சாலையிலேயே பேருந்தை நிறுத்தினால், சக்கர நாற்காலியில் வந்தவர் முதலில் அந்த ஆறு அங்குலத்தை இறங்கியாக வேண்டும்.