நாவலுக்குத் துணை களாக்காய்

நேயர்களுக்கு வணக்கம். நாவல்பழம் விழுந்து வாசலெல்லாம் ஊதாவாகிக் கிடக்கிற ஆடி மாதத்தில், பழ ஜாம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பேசத் தகுதி இருக்கிறது. இதில் நான் நிறையச் சர்க்கரையை வீணாக்கியிருக்கிறேன்.

எங்கள் வீடு பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையில். கொல்லையில் நாவல் மரம், வேலியில் களாச்செடி. முதல் வருஷம் நாவலை மட்டும் சர்க்கரை போட்டுக் காய்ச்சினேன். ஒரு மணி நேரம் கிண்டியும் இறுகவில்லை. கடைசியில் தண்ணீர் கலந்து சர்பத்தாகக் குடித்துத் தீர்த்தோம். ஜாமை இறுக்குவது பழத்திலிருக்கும் பெக்டின் என்கிற பசை. அது பிடிக்கச் சர்க்கரையும் வேண்டும், புளிப்பும் வேண்டும். இறுகவில்லையே என்று கொதிக்கவிட்டுக்கொண்டே போனால் இருக்கிற பசையும் உடைந்துபோகும். நான் செய்தது அதைத்தான்.

வழி சொன்னவர் என் மாமியார். "ஏம்மா, களாக்காயைப் போட்டுப் பாரேன். பச்சடிக்கு வேகவைத்தாலே கெட்டியாகுமே" என்றார். களாவில் புளிப்பு, பசை இரண்டும் உண்டு. முழுக்கப் பழுக்காத செங்காயில் பசை இன்னும் அதிகம். கடையில் பெக்டின் பொடி தேட வேண்டியதில்லை.

நாவலை மண்ணில் விழவிடாதீர்கள். பழைய கொசுவலையை நாலு பேர் விரித்துப் பிடிக்க, ஒருவர் தொரட்டியால் கிளையை உலுக்கினால் போதும். மரத்தில் ஏற வேண்டாம், நாவல் கிளை சடக்கென்று ஒடியும். குறுவைக்கு மருந்தடித்த வயலோரத்தில் நான் பறிப்பதில்லை. வேதாரண்யம் பக்கத்து நேயர்களுக்குக் கோடியக்கரைக் காட்டுக் களா ஞாபகம் வரும். அது 1967 முதல் சரணாலயம். அந்தப் பழம் பறவைக்கும் நரிக்கும்.

ஒரு கிலோ நாவலுக்குக் கால் கிலோ களா. களாவைக் கீறினால் பால் பிசுபிசுவென்று ஒட்டும். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு விதையை எடுத்து, உப்புத் தண்ணீரில் அலசுங்கள். இரண்டையும் அரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, பெரிய கண் சல்லடையில் தேய்த்தால் கொட்டை நின்றுவிடும். சர்க்கரை அப்புறம்தான், முதலிலேயே போட்டால் தோல் விறைத்துக்கொள்ளும். விழுது ஒரு கிலோ என்றால் சர்க்கரை முக்கால் கிலோ. குறைக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குறைக்கலாம், ஆனால் ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

இரும்புச் சட்டி வேண்டாம். நாவலின் துவர்ப்பு இரும்பில் பட்டால் மை மாதிரி கறுக்கும். அகலமான எவர்சில்வர் பாத்திரம், நல்ல தீ. பதம் பார்க்கும்போது அடுப்பை அணைத்துவிட்டு, குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விடுங்கள். ஆறியபின் விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ். எனக்குக் காதே போதும்: தளதளவென்ற சத்தம் கனத்து, பொத்துப் பொத்தென்று மாறும். அப்போதுதான் கையில் தெறிக்கும், நீளக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து உலர்த்திய கண்ணாடி பாட்டிலில் சூடாகவே ஊற்றி மூடிவிடலாம்.

ஆடிப்பெருக்குப் படையலுக்குப் பத்துப் பழம் எடுத்து வைத்துவிட்டுத்தான் காய்ச்ச வேண்டும். போன வருஷம் மறந்துவிட்டேன். காப்பரிசிக்குப் பக்கத்தில் ஜாம் பாட்டிலையே வைத்தோம். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை, ஸ்பூன் எங்கே என்று மட்டும் கேட்டார்.