காதில் விழுந்த தகடூர்

வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்த நேரத்தில் வானொலி கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் என் அன்பு.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கரில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். பழைய இலக்கியத்தைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். சங்கப் பாட்டு எனக்குக் காது வழியாகத்தான் வந்தது. அது வந்த கதையைச் சொல்கிறேன்.

புழு நான்காவது தோலை உரித்து எழுந்த பிறகு ஏழெட்டு நாளைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. ராத்திரி பத்து மணிக்குத் தழை போட்டால் விடியும்போது தண்டு மட்டும் கிடக்கும். அத்தனை புழுவும் சேர்ந்து தின்னும் சத்தம், ஓலைக் கூரைமேல் தூறல் விழுகிற மாதிரி இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு ராத்திரி, செல்போனைத் தழைக்கட்டின் மேல் வைத்துவிட்டு, ஏதாவது ஓடட்டும் என்று விட்டிருந்தேன். ஓடியது ஒரு பாட்காஸ்ட். ஒருவர் நிதானமாகப் புறநானூற்றுப் பாட்டு ஒன்றைச் சொல்லிப் பொருளும் சொன்னார். ஒரே நாளில் எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன், ஒரு மாதம் உட்கார்ந்து ஒற்றைச் சக்கரம் செய்தால் அது எப்படி இருக்கும்? எங்களிடம் இருக்கும் வீரன் அந்தச் சக்கரம் போன்றவன், போர்க்களத்துக்கு வந்துவிடாதீர்கள் என்று எதிரிகளைப் பார்த்து ஔவையார் சொல்கிறார்.

கையில் தழையோடு அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பொருளுக்கு ஒரு மாதம் கொடுப்பது என்றால் என்ன என்று புழு வளர்க்கிறவளுக்குத் தெரியும். முட்டை பொரிந்த நாளிலிருந்து கூடு கட்டி முடிக்கும் வரை எங்களுக்கும் ஏறக்குறைய ஒரு மாதம்தான். நடுவில் ஒரு வேளை ஈரத்தழை போட்டுவிட்டால்கூட அது புழுவில் தெரியும், கூட்டில் தெரியும், கடைசியில் அங்காடியில் விலை சொல்லும்போதும் தெரியும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு புலவர் கைவேலையை இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறாரே என்று இருந்தது. அந்த வீரன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் ஊர் தகடூர். நாங்கள் கூடு விற்கப் போகிற தருமபுரிதான் அந்தத் தகடூர். பள்ளிக்கூடத்தில் படித்த செய்திதான் இது. ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம் நிறையக் கேட்டேன், நிறையப் பார்த்தேன். எல்லாவற்றையும் நம்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். மகள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பேச்சுப் போட்டிக்கு அதியமான் நெல்லிக்கனியைத் தலைப்பாக எடுத்தாள். நான்தான் ஒரு காணொளியைக் காட்டித் தயார் செய்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை காய்க்கும் அதிசய நெல்லி என்று அதில் இருந்தது. பின்னணி இசை, பொங்கும் குரல், எல்லாம் உண்டு. மகள் அப்படியே பேசினாள். நடுவராக வந்த ஆசிரியை அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லா பேசின கண்ணு. அந்தப் பன்னிரண்டு வருஷம் எந்தப் பாட்டுல இருக்கு?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து மகள் என்னைக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் தேடினோம். புறநானூறு, 91ஆம் பாட்டு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரையோடு இலவசமாகக் கிடைக்கிறது. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் மதுரைத் திட்டத்திலும் மூலம் இருக்கிறது. பாட்டில் பன்னிரண்டு வருஷம் என்று எதுவும் இல்லை. பெரிய மலையின் பிளவில், ஏற முடியாத உச்சியில் கிடைத்த நெல்லி என்று இருக்கிறது. "சிறியிலை நெல்லித் தீங்கனி" என்று இருக்கிறது. எங்கள் வரப்பில் நிற்கிற நெல்லிக்கும் அதே பொடி இலைதான். அதைவிட முக்கியமான ஒன்றைக் காணொளி விட்டுவிட்டது. "ஆதல் நின்னகத்து அடக்கி" என்கிறார் ஔவையார். அந்தக் கனியால் என்ன பலன் என்பதைத் தன் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சொல்லாமல் கொடுத்தான். சொல்லியிருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார். அதியமானின் பெருந்தன்மை முழுக்க அந்த மூன்று சொல்லில் இருக்கிறது. காய்ப்பு அதிசயத்தில் அதைத் தொலைத்துவிட்டார்களே என்று எனக்கு ஆற்றாமையாகத்தான் இருந்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். எந்தக் காணொளியும் பழம்பாட்டைச் சொன்னால், பாட்டு எண் சொல்கிறதா என்று பார்ப்போம். எண் சொன்னால் நாமே போய்ப் பார்த்துவிடலாம். சொல்லாவிட்டால் அதைக் கதையாகக் கேட்டுக்கொள்ளலாம், தப்பில்லை; வரலாறு என்று அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. இப்படித் தேடப் போய்த்தான் ஔவையார் ஒருவர் இல்லை என்பதும் புரிந்தது. ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டு பிந்தியவர். கம்பு ஊன்றிய பாட்டியாகவே எல்லாக் காணொளியும் காட்டுகிறது. ஆனால் புறநானூறு 89இல் அஞ்சியின் ஔவையாரை எதிரி மன்னன் "மடவரல் உண்கண் வாள்நுதல் விறலி" என்று கூப்பிடுகிறான். மை தீட்டிய கண், ஒளி வீசும் நெற்றி. கம்பும் இல்லை, கூனும் இல்லை.

நல்ல காணொளி என்ன செய்யும் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை என்று ஒரு ஊர். அங்கே ஒரு குன்றின் குகையில், 1981இல், தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஒரே ஒரு வரிக் கல்வெட்டு கண்டுபிடித்தார்கள். "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி." பாளி என்றால் துறவிகள் தங்கும் இடம். அசோகர் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்து ஸதியபுத்திரர் என்று ஒரு மரபைச் சொல்கிறார். அது யார் என்று அறிஞர்கள் ரொம்ப காலம் வாதம் செய்துகொண்டிருந்தார்கள். இந்த ஒரு வரியில் விடை கிடைத்தது, அதியமான் மரபுதான் அது. இதை விளக்கிய காணொளியில் இசை இல்லை, வேகம் இல்லை. எழுத்து எழுத்தாகக் கோல் வைத்துக் காட்டினார்கள். நானும் கூடவே வாசித்தேன். "ஈத்த" என்ற சொல்லுக்கு வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. 91ஆம் பாட்டு எப்படி முடிகிறது? "சாதல் நீங்க எமக்கு ஈத்தனையே." ஓலையில் வந்த பாட்டும் பாறையில் வெட்டிய வரியும் அவன் கொடுத்ததை ஒரே வினைச்சொல்லால் சொல்கின்றன.

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு மயிலாடும்பாறை தெரிந்திருக்கும். அங்கே அகழாய்வில் எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 2172 வரை போகிறது, இரும்பு அவ்வளவு பழையது என்று 2022இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இதுபோன்ற செய்திக்குத் தொல்லியல் துறை வெளியிடுவதையே முதலில் பாருங்கள். ஆண்டைக் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, உள்ளதே போதும்.

சரி, என் மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் ஒப்பாரி பாட அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் அவர் புழுமனையில் காய்ந்த தண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். போனில் 235ஆம் பாட்டு போனது. அஞ்சி இறந்த பிறகு ஔவையார் பாடியது.

"சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே;
பெரியகட் பெறினே
யாம்பாடத் தான்மகிழ்ந்து உண்ணும் மன்னே."

கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தைத் தான் மகிழ்ந்து குடிப்பான். சோறு கொஞ்சம் என்றாலும் பல பேரோடுதான் உண்பான், நிறைய என்றாலும் பல பேரோடுதான். எலும்போடு கறி கிடைக்கும் இடமெல்லாம் எங்களுக்குக் கொடுப்பான், அம்பும் வேலும் பாயும் இடமெல்லாம் தான் போய் நிற்பான். ஒவ்வொன்றும் "மன்னே, மன்னே" என்று முடிகிறது.

பொருள் சொல்ல ஆரம்பிப்பதற்குள் மாமியார் நிமிர்ந்து பார்த்து, "யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டார். "எப்படி அத்தை கண்டுபிடிச்சீங்க?" என்றேன். "திரும்பத் திரும்ப ஒரே இடத்துல வந்து விழுவுதே. ஒப்பாரி அப்படித்தான விழும்" என்றார்.

"மன்" என்ற அந்தச் சொல்லுக்குத் தொல்காப்பியம் மூன்று பொருள் சொல்கிறது. முதலாவது கழிவு. இருந்தது, இனி இல்லை என்பது. எனக்கு உரையைப் பார்த்தபின் தெரிந்ததை அவர் ஓசையிலேயே எடுத்துக்கொண்டார். இந்தப் பாட்டெல்லாம் காதுக்காகப் பிறந்தவை. உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தது 1894இல். அவர் அலைந்து திரிந்து காப்பாற்றியிருக்காவிட்டால் நமக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது. ஆனால் அச்சுக்குள் போனதும் படிக்கத் தெரியாதவர்களுக்கு அது எட்டாமல் போனது. ஒரு செல்போனும் நல்ல குரலும் இருந்தால், என் மாமியார் மாதிரி ஒருவருக்கு அது திரும்பக் கிடைக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஹெட்போனைக் கழற்றிவிட்டுச் சத்தமாக வையுங்கள். அவசரமாகப் பத்துப் பாட்டு வேண்டாம், ஒரே பாட்டைப் பத்துத் தடவை கேளுங்கள்.

எங்கள் ஊர் எல்லையில் வேடியப்பன் இருக்கிறார். நம் பக்கத்தில் பல ஊர்களில் இருக்கிறார். இடுப்புயரக் கல், அதில் வில் பிடித்த ஆள், காலடியில் தேய்ந்துபோன எழுத்து. சின்ன வயசிலிருந்து மஞ்சள் பூசிக் கும்பிட்ட சாமி. அது நடுகல், ஊர் மாட்டை மீட்கப் போய் இறந்தவனுக்கு எடுத்த கல் என்று காணொளி பார்த்துத்தான் தெரிந்தது. இப்படிப்பட்ட கற்களில் மாட்டு மந்தையைத் "தொறு" என்று எழுதியிருப்பார்கள். இறந்ததைப் "பட்டான்" என்று எழுதியிருப்பார்கள். மரம் பட்டுப்போச்சு என்று நாம் இன்றைக்கும் சொல்கிறோமே, அதே படுதல்தான். தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் இப்படிப் பல கற்களை வைத்திருக்கிறார்கள். பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சோற்றுக்குத் திரும்பலாம்.

போன தை மாதம் வேடியப்பனுக்குப் படையல் வைத்த அன்று, மாமியாரைக் கல்லுக்கு முன்னால் உட்கார வைத்து, போனில் இல்லாமல் நானே ஒரு பாட்டை வாசித்தேன். அஞ்சிக்கு நட்ட கல்லைப் பார்த்து ஔவையார் பாடியது. எங்கள் கல் அவன் கல் என்று நான் சொல்ல வரவில்லை, இது யாரோ பெயர் அழிந்துபோன ஒருவன். சிகரம் உயர்ந்த மலையோடு ஒரு நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதவன், மயிற்பீலி சூட்டிய கல்லாகி நின்று, சின்னக் கலத்தில் ஊற்றும் கள்ளை வாங்கிக்கொள்வானா என்று அவர் கேட்கிறார். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. கலயத்தில் இருந்ததைக் கல்லின் காலடியில் ஊற்றினார். "இன்னொரு தடவை படி" என்றார். உங்களுக்கும் ஒரு தடவை படிக்கிறேன்.

"இல்லா கியரோ காலை மாலை
அல்லா கியர்யான் வாழும் நாளே
நடுகல் பீலி சூட்டி நார்அரி
சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ
கோடுயர் பிறங்குமலை கெழீஇய
நாடுடன் கொடுப்பவும் கொள்ளா தோனே."

புறநானூறு, 232ஆம் பாட்டு. வணக்கம்.