தேனீயின் நாக்குக்குத் தெரியாத மருந்து

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் மா விவசாயிகள் நடுவே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் முதலமடைப் பக்கம் ஒரு மாந்தோப்பில் நின்றிருந்தேன். மரம் நிறையப் பூ. இலையைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டுக் கழித்த இனிப்பு நீர் அது. அதன் மேல் கரும்பூசணம் படர ஆரம்பித்திருந்தது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் மருந்து அடித்து முடித்து ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். “பூவிலே அடிக்கிறீங்களே, தேனீ வருமே?” என்றேன். “அதுக்குத் தெரியும் மாஷே (வாத்தியாரே). விஷம்னா அதுவே ஒதுங்கிப் போயிடும்” என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். வருஷக்கணக்காக விலங்கியல் பாடம் நடத்திய நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த ஒரு விஞ்ஞானியைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

அவர் பெயர் ஜெரால்டின் ரைட். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது செபாஸ்டியன் கெஸ்லர் முதலானவர்களோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. சோதனை எளிமையானது. தேனீக்களைப் பெட்டியில் விட்டு இரண்டு வகைக் குழாய்கள் வைத்தார்கள். ஒன்றில் வெறும் சர்க்கரைத் தண்ணீர். மற்றதில் அதே தண்ணீரில் துளியூண்டு மருந்து. எதில் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார்கள். தேனீ ஒதுங்கவில்லை. இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் என்ற இரண்டு மருந்துகளில், மருந்து கலந்த குழாயையே கூடுதலாகத் தேடிப் போயிற்று. மொத்தத்தில் சாப்பிட்ட அளவு குறைந்தது. சாப்பிட்டதில் விஷத்தின் பங்கு கூடியது.

சரி, ருசி பிடித்துப் போயிற்றோ என்று அடுத்த படிக்குப் போனார்கள். தேனீயின் வாய்ப்பகுதியில் ருசி அறியும் நுண்மயிர்கள் உண்டு. அவற்றில் மின்முனையை வைத்து நரம்பு என்ன பேசுகிறது என்று கேட்டார்கள். சர்க்கரைக்கு நரம்பு படபடத்தது. மருந்துக்கு ஒரு அசைவும் இல்லை. கசக்கவும் இல்லை, இனிக்கவும் இல்லை. நாக்குக்கே தெரியாத ஒன்றிலிருந்து அது எப்படி ஒதுங்கும்?

ருசி தெரியாமலே அந்தக் குழாயைத் தேடுகிறதென்றால், மருந்து தேனீயின் மூளையைத் தொட்டிருக்கிறது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. நம் தாத்தாக்கள் பயிருக்குப் புகையிலைக் கஷாயம் அடித்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும். அதில் வேலை செய்தது நிகோடின். இந்தப் புது மருந்துகளும் அதே வழியில்தான் போகின்றன. ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல அசிடைல்கோலின் என்ற பொருளை அனுப்பும். அதை வாங்கிக்கொள்ள அடுத்த நரம்பில் பூட்டு மாதிரி ஒரு இடம் இருக்கும். சேதி சேர்ந்ததும் உடம்பு அதை உடைத்துவிடும். மருந்து அந்தப் பூட்டில் சாவி மாதிரி போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் உடம்பு அதை அப்படி உடைப்பதில்லை. தத்துப்பூச்சி துடித்துச் சாவது இதனால்தான். தேனீ வழி கற்பதும் மணம் நினைவு வைப்பதும் இதே பூட்டுகளை நம்பித்தான்.

இன்னொரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் மிக்கேல் ஆன்ரி என்பவரும் கூட்டாளிகளும் 653 தேனீக்களின் முதுகில் சின்னச் சின்ன மின்னணுச் சில்லுகளை ஒட்டி, அவற்றில் ஒரு பகுதிக்கு மட்டும் சாகாத அளவு தயாமீதாக்சம் கொடுத்து, கூட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை தள்ளி விட்டார்கள். திரும்பி வந்ததைக் கூட்டு வாசலில் இருந்த கருவி குறித்துக்கொண்டது. மருந்து குடித்தவற்றில் பல வீடு சேரவில்லை. பழகாத இடத்தில் விட்டவை இன்னும் அதிகம் தொலைந்தன. இது 2012-இல் வந்தது. மரத்தடியில் செத்த தேனீயைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் வீட்டில் அடுக்குத்தேனீப் பெட்டி இரண்டு வைத்திருந்தேன். ஒரு மாம்பூக் காலத்தில் இரண்டும் காலியாயின. வாசலில் ஒரு பிணம்கூட இல்லை. ‘கூட்டை மாற்றிக்கொண்டு போய்விட்டது’ என்று அப்போது மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம், குளோதியானிடின் மூன்றையும் திறந்தவெளிப் பயிரில் அடிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் தடை போட்டது. நம் தோப்புகளில் தத்துப்பூச்சிக்கு முதலில் கைக்கு வருவதே இமிடாகுளோபிரிட்தான். சாயங்காலம் அடித்தால் போதும் என்கிறார்கள். மேலே படும் மருந்துக்கு அது சரி. இது செடிக்குள்ளேயே ஏறும் மருந்து, பூந்தேனிலும் போகும். மாம்பூவுக்கு ஈக்கள்தான் நிறைய வரும். கூடவே கொம்புத்தேனீ, நாம் செறுதேன் எடுக்கிற கொசுத்தேனீ. இவை வராவிட்டால் காய் பிடிப்பு குறையும்.

அடர்ந்து நிழல் கட்டிய தோப்பில் தத்துப்பூச்சி பெருகும். அறுவடை முடிந்ததும் உள்கிளையைக் கழித்து வெளிச்சம் விடுங்கள். அப்புறம், தோப்பைக் குத்தகைக்கு விடுகிறவர்கள் இந்த வருஷப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன்: பூ விரிந்ததிலிருந்து பிஞ்சு பிடிக்கும்வரை மருந்து கிடையாது.

அந்தப் பெரியவரும் இங்கே வந்திருக்கிறார். முதல் கேள்வி அவரிடமிருந்தே வரட்டும்.