சித்தப்பா உறவில்லையாம்: எங்கள் பலகாரக் கடை பிரைவேட் லிமிடெட் ஆனபோது

வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். பின்னால் டக் டக் என்று சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டாங்கட்டில் தேங்காய் நறுக்குகிறார்கள். இன்றைக்கு மனகோலம். தேன்குழலை உடைத்து, பொட்டுக்கடலையும் நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல்லும் சேர்த்து வெல்லப்பாகில் புரட்ட வேண்டும். பாகு பதம் வருவதற்குள் பேசி முடித்துவிடலாம் என்று வீட்டு நடுமுற்றமான வளவில் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

கடையைக் கம்பெனி ஆக்கிவிட்டோம் என்று போன வீடியோவில் போகிற போக்கில் சொன்னேன். எப்படி என்று நிறையப் பேர் கேட்டீர்கள். எப்படி என்பதற்கு முன்னால் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷமாக என் பேரில்தான் கடை. பாதி வேலையை என் நாத்தனார் இழுத்துப்போட்டுச் செய்தாள், ஆனால் அவளுக்கு என்ன பங்கு என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அப்புறம் சென்னையில் மொத்தமாகச் சரக்கு எடுக்கும் ஒருவர், கம்பெனி என்றால்தான் ஒப்பந்தம் போடுவேன் என்றார். இந்த இரண்டும்தான் காரணம். பெயர்ப் பலகையில் லிமிடெட் என்று போட்டுக்கொள்ள ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றால் தயவுசெய்து வேண்டாம். ஒரு ரூபாய்க்கு வியாபாரம் ஆகாத வருஷத்திலும் கம்பெனிக்குத் தணிக்கை உண்டு. ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் கம்பெனிப் பதிவாளருக்குப் போக வேண்டும். தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய், அதற்கு உச்சவரம்பும் கிடையாது. எல்எல்பி என்று ஒன்று இருக்கிறது, பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம். அதில் வருஷ விற்பனை 40 லட்சத்தையும், கூட்டாளிகள் போட்ட முதல் 25 லட்சத்தையும் தாண்டாதவரை தணிக்கை கட்டாயமில்லை. சின்ன வியாபாரத்துக்கு அதுவே போதும் என்பது என் அபிப்பிராயம். ஒரே ஆள் என்றால் ஒருநபர் கம்பெனியும் உண்டு, ஒரு வாரிசு நியமனதாரர் பெயர் மட்டும் கொடுக்க வேண்டும்.

பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள், இரண்டு பங்குதாரர்கள். அதே இரண்டு பேர் இரண்டுமாக இருக்கலாம். குறைந்தபட்ச முதல் என்று இருந்ததை 2015-லேயே எடுத்துவிட்டார்கள். நாங்கள் 1 லட்ச ரூபாயை 10 ரூபாய்ப் பங்காகப் பிரித்தோம். எனக்கு 6,000, அவளுக்கு 4,000. எனக்குத்தானே அதிகம் என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஆடிட்டர்தான் விளக்கினார்: சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் போதும், ஆனால் கம்பெனியின் விதிமுறைகளை மாற்றுவது போன்றவற்றுக்கு முக்கால் பங்கு ஆதரவு வேண்டும். அதாவது அவள் வேண்டாம் என்றால் அது நடக்காது. நாத்தனார் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே சீப்பு சீடை சுற்றினாள்.

எல்லாமே ஆன்லைன். முதலில் டிஜிட்டல் கையெழுத்து வாங்க வேண்டும், அது பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் வரும். பிறகு ஸ்பைஸ் பிளஸ் என்கிற படிவம். அதன் முதல் பாகம் பெயருக்கு, இரண்டாவது பாகம் மற்ற எல்லாவற்றுக்கும். பதிவுச் சான்றிதழோடு வருமான வரிக்கான பான், வரிப் பிடித்தத்துக்கான டான் எண்களும் சேர்ந்தே வந்துவிடும். 15 லட்சம் வரை முதலீட்டு வரம்புள்ள கம்பெனிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை, மாநில முத்திரைக் கட்டணம் தனி.

இன்ஷியலைக் கவனியுங்கள். நம் ஊரில் ஆதாரில் இன்ஷியல் முன்னால் இருக்கும், பானில் அப்பா பெயர் முழுசாக நீண்டிருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். எனக்கு அதிலேயே இரண்டு வாரம் போனது. பெயரும் முதல் தடவை திரும்பி வந்தது. ஏற்கெனவே பதிவான ஒரு வணிகச் சின்னத்தோடு ஒத்துப்போகிறது என்றார்கள். 'செட்டிநாடு' என்று ஆரம்பித்துப் பலகாரத்துக்குப் பெயர் வைக்க நினைக்கிறவர்கள் முதலில் வணிகச் சின்னப் பதிவேட்டில் தேடிப் பார்த்துவிட்டு மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது முகவரி. பதிவு அலுவலகத்துக்கு இரண்டு மாதத்துக்கு உட்பட்ட மின் கட்டண ரசீதோ அது மாதிரி ஒன்றோ வேண்டும், இடத்தின் சொந்தக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. இந்த வீட்டு மின் இணைப்பு இன்னும் என் வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கிறது. அவரிடம் கையெழுத்து வாங்க முடியாது. இப்போது வீட்டுக்கு 17 பங்காளிகள், நாலு பேர் வெளிநாட்டில். வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோர்களுக்குப் படைக்கும் படைப்புக்குக் கூடும்போதுதான் எல்லா முகத்தையும் ஒன்றாகப் பார்க்கலாம். கடைசியில் இதே ஊரில், செக்காலையில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, அந்த முகவரியைக் கொடுத்தோம். பெரிய வீடுகளில் தொழில் செய்கிறவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். 30 நாளுக்குள் முதல் இயக்குநர் கூட்டம், ஆடிட்டர் நியமனம். வங்கிக் கணக்கில் பங்குப் பணத்தைக் கட்டி, 180 நாளுக்குள் 'வியாபாரம் தொடங்குகிறோம்' என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் வியாபாரமும் செய்யக் கூடாது, கடனும் வாங்கக் கூடாது. தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். பான் புதிது என்பதால் ஜிஎஸ்டி எண்ணும் புதிது, உணவுப் பாதுகாப்பு உரிமமும் புதிது. இதைத்தான் நான் யோசிக்கவில்லை. பழைய 14 இலக்க உரிம எண்ணோடு 4,000 பாக்கெட் கவர் அச்சடித்து வைத்திருந்தேன். அதோ, அந்தத் தூண் ஓரத்தில் அடுக்கியிருக்கிறதே, அதுதான்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதில்லை. பர்மாவில் லேவாதேவி செய்த காலத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம், அதாவது கடைப் பெயர் இருந்தது, தாத்தா அப்பா பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து. அந்த விலாசம் குடும்பத்துடையது, கடை நொடித்தால் வீடும் போகும். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடத்திலும் ஒரே நாளில் திறந்தார். அது லிமிடெட் கம்பெனி, குடும்ப விலாசம் இல்லை. அந்த வித்தியாசம் புரிய எனக்கு ஒரு ஆடிட்டரும் 4,000 கவரும் தேவைப்பட்டன.

கம்பெனி தனி ஆள். கல்லாவில் இருப்பது அதன் பணம், என்னுடையது இல்லை. முன்பெல்லாம் காய்கறிக்காரர் வந்தால் கல்லாவில் கைவிட்டு 200 ரூபாய் எடுத்துக் கொடுப்பேன். இப்போது சம்பளமாகவோ லாப ஈவாகவோ எடுக்க வேண்டும். முதல் மாதம் ஏழு தடவை மறந்து எடுத்தேன், ஏழையும் நாத்தனார் எழுதி வைத்திருந்தாள். லிமிடெட் என்றால் பொறுப்பு வரம்புக்குட்பட்டது, கம்பெனி கடனுக்கு நாம் போட்ட முதலோடு சரி என்பார்கள். அதையும் ரொம்ப நம்பாதீர்கள். வங்கியில் கடன் கேட்டால் இயக்குநர்களின் சொந்த ஜாமீனையும் கேட்பார்கள், எங்களிடமும் கேட்டார்கள்.

இன்னொன்று. பெரிய வாணலி அடுப்பு வாங்க வீட்டுக்காரரின் சித்தப்பா 3 லட்சம் தருகிறேன் என்றார். கம்பெனி அப்படிச் சும்மா வாங்கக் கூடாதாம், அது வைப்புத்தொகை ஆகிவிடும். இயக்குநரின் உறவினர், கடன் வாங்கிய பணம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தரலாம். ஆனால் உறவினர் என்றால் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், மருமகன் மருமகள், உடன்பிறந்தோர், இந்து கூட்டுக் குடும்பத்து உறுப்பினர், அவ்வளவுதான். தனியாகப் பிரிந்த சித்தப்பா அந்தப் பட்டியலில் இல்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? "உங்களைச் சட்டம் உறவு இல்லை என்கிறது சித்தப்பா" என்றேன். "நீ கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் யார் அம்மா?" என்று கேட்டார். கடைசியில் பணத்தை என் வீட்டுக்காரருக்கோ எனக்கோ தராமல், கம்பெனியில் பங்காகவே போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்கு வேறு படிவங்கள், அது தனி வீடியோ.

சரி, பாகு வாசனை வந்துவிட்டது. இதைப் புரட்டிக் கொட்டிவிட்டு எண்ணெய்க் கடைக்குப் போக வேண்டும். மூன்றாவது தடவையாக என் சொந்தப் பெயரில் பில் போட்டிருக்கிறார்.