பஞ்சர் சொல்யூஷன் கேட்டு வந்த பையன்

வணக்கம் மக்களே! இன்னைக்கு கார்புரேட்டர் வீடியோ போடறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். இப்போ என் கையில இருக்கிற இந்த டியூபைப் பாருங்க. பஞ்சர் சொல்யூஷன், சக்கர டியூப்ல ஓட்டையை ஒட்டற பசை.

இப்ப வர்ற வண்டி பெரும்பாலும் டியூப்லெஸ், குச்சியைச் சொருகினா வேலை முடிஞ்சுது. சைக்கிளுக்கும் பழைய வண்டிக்கும்தான் இது. எனக்கே ஒரு டியூப் ரெண்டு மூணு நாள் வரும். ஆனா பன்னெண்டு பதிமூணு வயசுப் பையன் ஒருத்தன் ஒரே வாரத்துல மூணு தடவை வந்து, "அண்ணா, சொல்யூஷன் ரெண்டு குடுங்க"ன்னான். குடுத்தேன். ஆமா, நான்தான் குடுத்தேன். திட்டறவங்க கமெண்ட்ல திட்டிக்கோங்க.

நாலாவது தடவை, "சைக்கிள் எங்கடா?"ன்னு கேட்டேன். முழிச்சான். அப்பதான் முகத்தை ஒழுங்காப் பாத்தேன். வாயைச் சுத்தி தோல் உரிஞ்சு சிவந்திருக்கு. சட்டைக் கையில நம்ம கடை வாடை. போதைக்காக சொல்யூஷனை மோந்து இழுக்கறான்னு புரிஞ்சுது. கோவத்துல ஸ்பேனரைத் தூக்கிட்டுக் கத்தினேன், ஓடினான், தெருமுனை வரைக்கும் துரத்தினேன்.

சாயங்காலம் ஸ்கூட்டி எடுக்க வந்த நர்ஸ் அக்காகிட்ட பெருமையா இதைச் சொன்னேன். அவங்க முகமே மாறிடுச்சு. "துரத்தினியா? அவன் ஓடும்போதே விழுந்து செத்திருந்தா என்னடா பண்ணியிருப்பே?"

விஷயம் இதுதான். இந்த சொல்யூஷன்ல இருக்கிற கரைப்பானோட ஆவி உள்ள போன நேரத்துல இதயம் அட்ரினலினுக்குத் தாங்காது. பயந்தாலோ ஓடினாலோ அட்ரினலின் எகிறும், துடிப்பு தாறுமாறாகி இதயம் நின்னுடலாம். முதல் தடவை பண்றவனுக்கும் இது நடக்கலாம். 1970-லயே பாஸ்ங்கற அமெரிக்க டாக்டர் இப்படித் திடீர்னு செத்த 110 இளைஞர்களைப் பத்தி எழுதியிருக்காரு. மூச்சு முட்டி இல்ல, மக்களே.

செயின் கிரீஸை தின்னர் எப்படிக் கரைக்குதுன்னு நம்ம வீடியோவுல பாத்திருப்பீங்க. மூளையில தண்ணியைக் கழிச்சா மீதியில பெரும்பங்கு கொழுப்பு. நரம்பைச் சுத்தியும் கொழுப்பு உறைதான், ஒயருக்கு இன்சுலேஷன் மாதிரி. தின்னர் மாதிரி பொருள்ல இருக்கிற டொலுயீன்ங்கற கரைப்பான் வருஷக்கணக்குல உள்ள போனா அந்த உறை கெட்டுப்போகும். நடை தள்ளாடும், ஞாபகம் போகும்.

2019-ல எய்ம்ஸ் சர்வே ஒண்ணு வந்துச்சு. கஞ்சா, சாராயம் எல்லாத்துலயும் பெரியவங்கதான் ஜாஸ்தி. இப்படி மோந்து இழுக்கற போதை ஒண்ணுலதான் பசங்க ஜாஸ்தி. பசங்கள்ல 1.17 சதவீதம், பெரியவங்கள்ல 0.58. இதே மாதிரி மோந்து இழுக்கறாங்கன்னுதான் ஒயிட்னர் பாட்டிலை 2012-ல தடை பண்ணினாங்க, அதான் இப்ப பேனாவா வருது. சொல்யூஷன் என்னை மாதிரி கடையிலதானே கிடைக்குது!

அதனால யாராவது பண்றதைப் பாத்தா கத்தாதீங்க, அடிக்காதீங்க, துரத்தாதீங்க. மெதுவாப் பேசி, காத்தோட்டமா உக்கார வைங்க. மயங்கிட்டா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு 108. மூச்சே இல்லன்னா நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சிடணும். பழக்கத்தை விட வைக்க 14446, குழந்தைங்களுக்கு 1098. ரெண்டுமே ஃப்ரீ.

இப்ப நான் சொல்யூஷனைத் தனியா விக்கறதில்ல. சைக்கிளைக் கொண்டுவா, நானே ஒட்டித் தர்றேன்னு சொல்லிடறேன்.

அந்தப் பையன் போன வாரம் எதிர் டீக்கடையில நின்னான். கிட்டப் போகவே எனக்கு பயம், எங்க ஓடிடுவானோன்னு. பன் வாங்கி பெஞ்சுல வெச்சுட்டுத் தள்ளி உக்காந்தேன். பாதியைத் தின்னுட்டு மீதியைப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டான். தம்பிக்காம். பேரு கேட்டேன், சொல்லல.

இருங்க, யாரோ வண்டியைத் தள்ளிட்டு வர்றாரு. அப்புறம் பாக்கலாம்.